கண்ணில் சிலிண்டரும் கதவில் கோணலும்

தொண்ணூறுகளில் இலங்கை மலையகத்தில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு டிவிசன் முழுவதும் தலை சாய்ந்து கிடந்தது. அடையாள அட்டையில்தான். கங்காணி, கொழுந்தெடுக்கும் பெண்கள், கோயில் பூசாரி, பூசாரியோடு பேச்சுவார்த்தை இல்லாத அவர் தம்பி என்று எல்லோரும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்து, அரசாங்க முத்திரையோடு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தார்கள். எதிலும் ஒற்றுமை இல்லாத டிவிசன் அது. அந்த ஒரு விஷயத்தில் அவர்களை ஒன்று சேர்த்த பெருமை என்னுடையது. படம் எடுத்தவன் நான்தான்.

அப்போது நான் பதுளை பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். முதலாளியின் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து துணி விற்றவர். மகனுக்குத் துணியில் பிடித்தது ஒன்றே ஒன்று, கேமராவை மூடும் கறுப்புத் துணி. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் போவார். தோட்டங்களுக்குப் போய் அடையாள அட்டைப் படம் எடுப்பது என் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரில் வெள்ளை வேட்டியை ஆணியடித்துத் தொங்கவிட்டு, ஒருவர் பின் ஒருவராக நிற்கவைத்து எடுத்துத் தள்ளினேன். கேமரா வைக்கும் மூன்று கால் ஸ்டாண்ட் கொண்டு போயிருந்தேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் ஸ்டாண்ட் வைக்கச் சமமான இடம் பெரட்டுக் களம் ஒன்றுதான். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற அந்த இடத்தில் அன்றைக்குத் தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப் நின்றது. ஜீப்பை நகர்த்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கையில் பிடித்தே எடுத்தேன்.

ஒவ்வொருவரிடமும் ஒரே வசனத்தைச் சொன்னேன். "தலைய நேரா வைங்க. ஆடாதீங்க."

அவர்கள் நேராகத்தான் வைத்தார்கள், பாவம். வேட்டியில் கோடு இல்லை, மூலை இல்லை, நேர் எது கோணல் எது என்று காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. டார்க்ரூமில் கழுவிப் பிரிண்ட் போட்டபோது காது தெரிகிறதா, கண் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் தபால் தலை அளவு முகங்களைக் கத்தரிக்கிறவனுக்கு அதற்கு மேல் அக்கறை வராது. அட்டை போட்ட இடத்திலும் யாருக்கும் வரவில்லை. ஆகவே அட்டைகள் வந்து சேர்ந்தன.

அட்டைகள் வந்த சில வாரத்தில் ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஐம்பது குழந்தைகளை அடக்குகிற குரல் அவளுக்கு இருந்தது. மூன்று அட்டைகளைக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தாள். அவளுடையது, அவள் அம்மாவுடையது, அண்ணனுடையது.

"போட்டோகாரரே, எங்க வீட்டுல யாருக்காச்சும் கழுத்து சுளுக்குன்னு நெனச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேரப் போயிருக்கிறார். வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அட்டை பார்த்திருக்கிறார்கள். அட்டையைப் பார்த்த சிப்பாய் முகத்தைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான், இது நீ இல்லை என்று சிங்களத்தில் சொல்லித் தனியாக நிறுத்திவிட்டான். பஸ் போய்விட்டது. பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி வந்த பெரிய அதிகாரி ஒருவர் அட்டையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணனின் தாடையைப் பிடித்துத் தலையைச் சாய்த்திருக்கிறார். சாய்த்ததும் முகம் பொருந்திவிட்டது. போகலாம் என்று விட்டுவிட்டார்கள்.

"இப்ப காக்கியக் கண்டா எங்கண்ணனுக்குத் தலை தானாச் சாயுது. போஸ்ட்மேன் வந்தாலும் சாயுது," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. அந்தப் போர்க் காலத்தில் ஒரு தமிழனைத் தனியாக நிறுத்திவைப்பது என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். காலையிலிருந்து பகல் வரை அந்த மனிதர் வெயிலில் நின்று என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே அட்டைகளை முதலாளி பக்கம் நகர்த்தினேன்.

அவர் அவற்றை எடுத்துப் பார்த்தார். கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தார். கடை வாசலில் நின்று எதிரே இருந்த விளக்குக் கம்பத்தைப் படம் எடுக்கச் சொன்னார். நான் கண்ணை வைத்தேன். அவர் கம்பத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"டேய், கேமராவுல ஒண்ணுமில்ல. உன் தலைதான் சாயுது. கேமராவும் கூடவே சாயுது."

"நேராத்தான் இருக்குங்க முதலாளி."

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னாருங்க," என்றாள் அவள். "நான் ஸ்டைலுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்படித்தான் என் தலை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இருபத்து நான்கு வயதில் எனக்குத் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் அதைத் திமிர் என்று சொல்லி அடித்தார்கள். என் அப்பா அடிக்காமல் திமிர் என்று மட்டும் சொன்னார். காரணம் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ தலையைச் சாய்த்தால் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அன்றே தீர்ப்பு வந்தது. ஸ்டாண்ட் இல்லாமல் கேமராவைத் தொடக்கூடாது. முழு டிவிசனுக்கும் இலவசமாக மறுபடி படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்த முறை முதலாளியே வந்து தொரையிடம் சொல்லி ஜீப்பை நகர்த்தினார். பழைய படத்தில் தான் அழகாக இருப்பதாகச் சொல்லி பூசாரி மட்டும் வர மறுத்துவிட்டார். அவருடைய அட்டை கடைசி வரை சாய்ந்தே இருந்தது. அந்தப் படங்களைக் கொடுக்க, விண்ணப்பங்களை வாங்க, இல்லாத காரணங்களுக்காக என்று நான் பிள்ளைக்காம்பராப் பக்கம் பலமுறை போனேன். அண்ணனின் கழுத்து நேராவதற்கு முன்பே எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன் கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னாள். பதுளையில் ஒரு கண்ணாடிக் கடையில், கண்ணைப் பரிசோதித்தவர் கடுதாசியில் எழுதிக்கொண்டே, "வலது கண்ணுல சிலிண்டர் நெறைய இருக்கு," என்றார். அந்த நோய்க்கு அஸ்டிக்மாடிசம் என்று பெயராம். சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆகவே நான் சிலிண்டர் என்றே வீட்டில் சொன்னேன். அது பெரிய தப்பு. எனக்கு மாமியாராக வரவிருந்தவர் தோட்டத்தில் விறகில் சமைக்கிறவர், டவுனில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் பார்த்துப் பயந்து போனவர். மாப்பிள்ளைக்குக் கண்ணில் சிலிண்டராம் என்று கேட்டதும் அவருடைய முதல் கேள்வி, "வெடிக்குமா?"

அதற்குப் பிறகு நான் அடுப்பங்கரைப் பக்கம் போனால் மாமியார் என்னைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். போட்டதும் தரை எழும்பி வந்தது. லயத்துப் படிக்கட்டில் இல்லாத ஒரு படியில் கால் வைத்து, இருந்த மூன்று படிகளை ஒரேயடியாக இறங்கினேன். பழகிவிடும் என்றார்கள். பழகிய பிறகு வேறு வினை. கண்ணாடிக்கு மேல் கேமராவை வைத்தால் ஓரம் தெரியவில்லை. கழற்றினால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் கலங்கித் தெரிந்தது. அப்புத்தளைப் பக்கம் போனாலோ மூடுபனி வந்து கண்ணாடியில் உட்கார்ந்துகொள்ளும், துடைத்துத் துடைத்து வேட்டி நனைந்துவிடும். அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்டாண்டோடு வாழப் பழகினேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தீர்ப்பை மீறினேன். வீட்டில். ரோலில் கடைசியில் ஒன்றிரண்டு படம் மிஞ்சினால் மனைவியை வாசல் கதவின் முன் நிற்கவைத்துக் கையால் எடுப்பேன். ஆச்சரியம் என்னவென்றால் அந்தப் படங்களில் அவள் நேராக இருந்தாள். சாய்ந்திருந்தது பின்னால் இருந்த கதவு. முதலாளியிடம் பெருமையாகக் காட்டினேன்.

"கதவு சாயுதேடா," என்றார்.

"அந்தக் கதவு போட்ட பாஸ் சரியில்லைங்க முதலாளி," என்றேன். பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் தச்சரோ மேசனோ. அந்தத் தச்சு பாஸ் யாரென்றே எனக்குத் தெரியாது, நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு அது. ஆனாலும் அவர் மேல் பழியைப் போட்டுப் பத்து வருடம் ஓட்டினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஸ்டூடியோவுக்கு டிஜிட்டல் கேமரா வந்தது. முதலாளிக்கு முழங்கால் வலி வந்தது. கல்யாண வீட்டில் நாள் முழுதும் நிற்க அவரால் முடியவில்லை. என்னை அனுப்பினார், ஸ்டாண்டோடு. தாலி கட்டும் நேரத்தில் மணவறையைச் சுற்றி மாமாக்கள் எழுந்து நிற்பார்கள். கையில் கேமரா வைத்திருப்பவன் குனிந்து, நுழைந்து, நாற்காலி மேல் ஏறி எடுத்துவிடுவான். நான் மூன்று கால் ஸ்டாண்டை அணைத்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். மாமாக்களின் முதுகை என்னைப் போல அழகாக எடுத்தவர்கள் ஊவா மாகாணத்திலேயே கிடையாது. பூனாகலையில் ஒரு கல்யாண வீட்டார் ஆல்பத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ இனி கடையிலயே இருந்து அட்டைப் படம் எடு. கல்யாணத்துக்கு பண்டாரவளையிலேர்ந்து ஒரு ஆளக் கூப்பிட்டுக்கிறேன். தீபாவளி வரைக்கும் பார்ப்போம்," என்றார். தீபாவளிக்கு ஏழு மாதம் இருந்தது. கையால் எடுக்க முடிந்தால் கல்யாண வேலை எனக்கு, முடியாவிட்டால் சாகும் வரைக்கும் வெள்ளைத் துணியும் ஸ்டூலும். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கண் என் கண், கழுத்து என் கழுத்து.

வெளிநாடு போகப் படம் எடுக்க வந்த ஒருவர்தான் லேசர் என்ற வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். கொழும்பில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துச் சிலிண்டரை எடுத்துவிடுகிறார்களாம். மனைவி அடுத்த மாதமே என்னைக் கொழும்புக்கு இழுத்துப் போனாள்.

கண் டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. என் வயதுதான் இருக்கும். கண்ணுக்கு முன் ஒரு கருவியை வைத்து, "வடிவாப் பாருங்கோ," என்றார். வடிவு என்றால் அழகு என்று எங்கள் பக்கத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். அழகாகப் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்துப் புன்னகை செய்தேன். "சிரிக்காதேங்கோ, கண் அசையுது," என்றார். கவனமாகப் பார்க்கச் சொன்னாராம்.

பிறகு திரையில் என் கருவிழியின் படத்தைக் காட்டினார். நீலமும் சிவப்புமாக நில வரைபடம் மாதிரி இருந்தது. கருவிழி பந்து போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருக்க வேண்டுமாம். என்னுடையது கரண்டியின் பின்பக்கம் போல ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளைந்திருந்தது. அந்தக் கரண்டியும் நேராக இல்லாமல் சாய்வாகப் படுத்திருந்தது.

"அதாலதான் நீங்க தலையைச் சரிக்கிறீங்கள். தலையைச் சரிச்சா நேர் கோடுகள் கொஞ்சம் தெளிவாத் தெரியும். சின்ன வயசிலயே யாரும் கவனிக்கேல்லையோ?"

"கவனிச்சாங்க டாக்டர். அடிச்சாங்க."

அவர் சிரிக்கவில்லை. என்னென்ன செய்யலாம் என்று சொல்லத் தொடங்கினார். ஒன்று, கருவிழியின் ஓரத்தில் சின்னக் கத்தியால் இரண்டு கீறல் போடுவது. கீறிய பக்கம் தளர்ந்து வளைவு குறையும். பழைய முறை, என் அளவு சிலிண்டருக்குப் போதாது, கணக்கும் தப்பிப்போகலாம். இரண்டு, கருவிழியின் மேல் பக்கத்தை மெல்லிய மூடி போல வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கிவிட்டு, மூடியைத் திரும்ப மூடிவிடுவது. மறுநாளே பார்வை வந்துவிடும். ஆனால் அதற்குக் கருவிழி தடிப்பாக இருக்க வேண்டும். என்னுடையதை அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்று, மூடி வெட்டாமல் மேல் தோலை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு லேசர் அடிப்பது. தோல் சில நாளில் தானாக வளர்ந்துவிடும், அந்தச் சில நாளும் நோகும், பார்வை தெளியச் சில மாதமும் ஆகலாம். நான்கு, கண்ணில் இருக்கும் லென்ஸையே எடுத்துவிட்டு, சிலிண்டருக்கென்று செய்த லென்ஸை வைப்பது. அது கண்புரை வந்தவர்களுக்கு.

"எனக்குக் கண்புரை வர எவ்வளவு நாளாகுங்க?" என்று கேட்டேன்.

"வயசு போகட்டும்."

"தீபாவளிக்குள்ள வராதுங்களா?"

மனைவி என் காலை மிதித்தாள். டாக்டர் கண்ணாடியும் ஒரு வழிதான் என்றார், அவசரப்படாதேங்கோ என்றார். நூற்றுக்கு நூறு என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, கிருமி பிடித்தால் இருக்கிற பார்வையும் குறையலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். வலது கண் என் கேமராக் கண். அது போனால் வெள்ளைத் துணியும் ஸ்டூலும்கூட இல்லை. பயந்தேன், அதை மறைக்க என்னென்னவோ கேட்டேன். சுரண்டி எடுத்த அந்தத் தோலை என்ன செய்வீர்கள் என்றுகூடக் கேட்டேன். கடைசியில் மூன்றாவது வழி என்று முடிவானது.

ஒப்பரேசன் நாள் காலையில் பச்சைத் துணி போட்டு, தலைக்குத் தொப்பி போட்டு, ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். ஸ்டூல். எத்தனை ஆயிரம் பேரை நான் ஸ்டூலில் உட்காரவைத்திருப்பேன். கண்ணுக்கு மரத்துப்போகும் மருந்து விட்டுவிட்டு டாக்டர் மெல்லிய பேனாவோடு வந்தார்.

"படுத்தா கண் கொஞ்சம் உருளும். அதால நிமிர்ந்து இருக்கேக்கயே கண்ணில அடையாளம் போடவேணும். அந்த அடையாளத்துக்குத்தான் லேசர் அடிக்கப்போறன். அடையாளம் சரிஞ்சா எல்லாம் சரிஞ்சுபோம். தலையை நேரா வையுங்கோ. ஆடாதேங்கோ."

என் வசனம். சொல் மாறாமல் என் வசனம். நான் தலையை நேராக வைத்தேன்.

"இன்னும் நேரா."

வைத்தேன்.

"அது மற்றப் பக்கம் போட்டுது. திரும்ப வாங்கோ. இப்ப பழையபடி சரிக்கிறீங்கள்."

தலையை அங்கும் இங்கும் ஆட்டினேன். எங்கே வைத்தாலும் அதுதான் நேர் என்று தோன்றியது. வியர்வை தொப்பிக்குள் இறங்கியது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எனக்கு நேர் எதுன்னு தெரியாதுங்க டாக்டர். எப்பவுமே தெரியாது. வெளியில என் சம்சாரம் இருக்கா. அவதான் கண்டுபுடிச்சவ. அவளக் கூப்பிடுங்க, அவ புடிச்சுக் காட்டுவா."

டாக்டர் யோசித்துவிட்டு நர்ஸிடம் தலையசைத்தார். மனைவிக்கும் பச்சைத் துணியும் தொப்பியும் போட்டு உள்ளே அனுப்பினார்கள். வந்து என் எதிரே நின்றாள். பிள்ளைக்காம்பராவில் சாப்பிட மறுக்கும் குழந்தையைப் பிடிப்பது போல என் தாடையை இரண்டு விரலால் பிடித்தாள். என் கண்ணைப் பார்த்து மெல்லத் திருப்பி நிறுத்தினாள்.

"இதுதாங்க நேர்," என்றாள், எந்தச் சந்தேகமும் இல்லாமல்.

டாக்டர் பேனாவைக் கீழே இறக்கிவிட்டார். எங்கள் இருவரையும் பக்கவாட்டில் நின்று பார்த்தார்.

"அம்மா, முதல்ல நீங்க நேரா நில்லுங்கோ."

"நேராத்தானே நிக்கிறேன்."

"இல்லை. இவர் வலப்பக்கம் சரியிறார், நீங்க எதிர்ல நிண்டு இடப்பக்கம் சரியிறீங்கள். ரெண்டு பேரும் ஒரே பக்கம். உங்களுக்கும் கண்ணில ஏதும் இருக்கோ?"

நர்ஸ் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினாள். மனைவி பார்த்தாள். அவளுக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன் என் கடையில் அட்டைகளை வரிசையாக வைத்தவள் நேரான கழுத்தோடுதான் நின்றாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பத்து வருடம் சாப்பாட்டுப் பலகையில், சண்டையில், பஸ்ஸில், சாய்ந்த ஒரு முகத்தைப் பார்த்துப் பேசிப் பேசி, அந்த முகத்துக்கு ஏற்றபடி தன் தலையையும் சாய்த்துக்கொண்டுவிட்டாள். அவளுக்கே தெரியாது. வீட்டில் எடுத்த படங்களில் அவள் ஏன் நேராக இருந்தாள், கதவு ஏன் சாய்ந்தது என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு விளங்கியது. என் கேமராவும் அவளும் ஒரே பக்கம் சாய்ந்தால், சாயாத கதவுதான் படத்தில் சாய்ந்து தெரியும். அந்தத் தச்சு பாஸிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மருந்து விட்ட கண்ணில் அழுகை வந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து அதை விழுங்கினேன்.

"எனக்கு இப்படியே இருக்கட்டுங்க டாக்டர். அவருக்கு மட்டும் பாருங்க," என்றாள் அவள். வெட்கத்தில் குரல் இறங்கியிருந்தது.

டாக்டர் எங்கள் இருவரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். நுனியில் குண்டு கட்டிய நூல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி என் மூக்குக்கு நேரே தொங்கவிட்டார். வீடு கட்டும்போது மேசன் பாஸ் சுவருக்குப் பிடிப்பாரே, அதே சங்கதிதான். மனிதன் பொய் சொன்னாலும் குண்டு சொல்லாது. நர்ஸ் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து நூலுக்கு நேராக நிறுத்தினாள். எனக்கு இடப்பக்கம் கவிழ்ந்து விழப்போவது மாதிரி இருந்தது. டாக்டர் அடையாளம் போட்டார்.

லேசர் அடித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. கோழி இறகு பொசுக்குகிற வாசம் வந்தது, பொசுங்குவது நான் என்று அறிய நேரமெடுத்தது. பிறகு மூன்று நாள் கண்ணுக்குள் மிளகாய்த் தூளும் மணலும் கலந்து போட்டது போல நோவு. கொழும்பில் தெரிந்தவர் வீட்டு அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு, அஸ்டிக்மாடிசம் என்று பேர் வைத்தவனிலிருந்து கண்ணைப் படைத்தவன் வரை எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். மனைவி நேரம் பார்த்துச் சொட்டு மருந்து விட்டாள். மருந்து விடும்போது நானும் பார்த்தேன், அவள் தலை சாய்ந்துதான் இருந்தது. எப்படி இத்தனை வருடம் பார்க்காமல் இருந்தேன் என்று இருந்தது.

பார்வை ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் கலங்கலாகவுமாக இரண்டு மாதம் ஆட்டம் காட்டியது. கடைசியில் ஒரு காலையில் விளக்குக் கம்பம் தன் இடத்தில், ஒற்றைக் கம்பமாக, ஓரம் சிதறாமல் நின்றது. தலையைச் சாய்க்காமலே தெரிந்தது. கழுத்துதான் கேட்கவில்லை. பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். "கழுத்துக்கு நான் லேசர் அடிக்கேலாது," என்றார். அந்த வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். நான் சாயும் போதெல்லாம் தாடையில் இரண்டு விரலால் தட்டினாள். தானும் சாய்கிறோம் என்பதை வழக்கம்போல மறந்துபோனாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதலாளி டிஜிட்டல் கேமராவைக் கையில் கொடுத்தார். ஸ்டாண்ட் வேண்டாம் என்றார். நான் பஜார் முழுக்கச் சுற்றினேன். விளக்குக் கம்பம், கோயில் வாசல், பஸ், கடைப் பலகைகள் எல்லாம் எடுத்தேன். மாலையில் வீட்டுக்குப் போய் மனைவியைப் பழைய கதவின் முன் நிற்கச் சொன்னேன்.

கேமராவை நேராகப் பிடித்தேன். கதவு நேராக இருந்தது. பத்து வருடம் திட்டு வாங்கிய கதவு, ஒரு குறையும் இல்லாத கதவு. அதன் முன்னால் அவள் சாய்ந்து நின்றாள்.

"தலைய நேரா வை," என்று வாய்வரை வந்தது.

"என்ன பார்க்குறீங்க? நேராத்தானே நிக்கிறேன்?" என்றாள்.

"நேராத்தான் நிக்குற. ஆடாத," என்றேன்.

கேமராவை வலப்பக்கம் சாய்த்தேன். பழைய பக்கமே. அவள் நேரானதும் அழுத்தினேன்.

மறுநாள் முதலாளி பிரிண்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தார். கம்பம் நேராக இருந்தது, கோயில் நேராக இருந்தது, பஸ்கூட நேராக நின்றது. பண்டாரவளை ஆளுக்கு இனி வேலை இல்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசிப் படத்தைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்தார்.

"எல்லாம் சரி. இது மட்டும் ஏன்டா? கதவு இன்னும் சாயுதே. மறுபடி கொழும்புக்குப் போகணுமா?"

"வேணாங்க முதலாளி," என்றேன். "அந்தக் கதவு போட்ட பாஸ் சரியில்லைங்க."